1/72 ஹரிக்கேன், கொழும்பு 1942: எந்த டெகால் ஷீட்டை நம்புவது?

பசைவிரல்

ஆர்மா ஹாபியின் 1/72 (அசலில் 72-ல் ஒரு பங்கு) ஹரிக்கேன் டூ-பி கிட் மேசைக்கு வந்துவிட்டது. இரண்டாம் உலகப்போர்க் கால பிரிட்டிஷ் போர்விமானம், பன்னிரண்டு துப்பாக்கி இறக்கை. கிட்டோடு வந்த டெகாலில் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் அச்சு அடையாளங்கள்) எனக்கு வேண்டிய விமானம் இல்லை. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலையில் ஜப்பானியர் கொழும்பைத் தாக்கியபோது ரத்மலானையில் இருந்த 30-வது ஸ்குவாட்ரன் விமானம் ஒன்றைச் செய்ய ஆசை.

தனியாக விற்கும் ஷீட் இரண்டு சிக்கியிருக்கின்றன. ஒன்று பழசு. நண்பர் ஒருவர் சும்மாவே தருகிறேன் என்கிறார், ஆனால் மையைத் தாங்கும் மெல்லிய ஃபிலிம் நன்றாகப் பழுப்பேறிவிட்டது. இன்னொன்று புதுசு. அச்சு பளிச்சென்று இருக்கிறது, விலை கிட் விலையில் பாதி. அதில் உடல் ரௌண்டலின் (விமானப்படையின் வட்ட அடையாளம்) மஞ்சள் வளையம் மெல்லிசாக இருக்கிறது, வாலுக்கு முன்னால் வெளிர்பச்சைப் பட்டை ஒன்றும் கொடுத்திருக்கிறார்கள்.

எதை எடுக்கலாம்? காசுகூடப் பரவாயில்லை. தப்பான மார்க்கிங்கோடு ஒரு மாடல் வருஷக்கணக்கில் அலமாரியில் நிற்பதைத்தான் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

மவுண்ட்ரோடு

புதுசை வாங்காதீர்கள். நீங்கள் சொன்ன இரண்டு அடையாளமே போதும்.

மஞ்சள் வளையம் மெல்லிசாக இருந்தால் அது சி-ஒன் வகை ரௌண்டல். பிரிட்டிஷ் விமானப்படையில் அது 1942 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. நீங்கள் செய்யப்போவது ஏப்ரல் 5. அன்றைக்கு ஹரிக்கேன் உடலில் இருக்க வேண்டியது ஏ-ஒன். அதில் நடுவில் இருக்கும் சிவப்புப் பொட்டைச் சுற்றி வரும் வெள்ளை, நீலம், மஞ்சள் மூன்று வளையமும் ஒரே அகலம். விட்டங்கள் 1:3:5:7 என்று போகும். 35 அங்குல ரௌண்டல் என்றால் சிவப்புப் பொட்டு 5, வெள்ளை 15, நீலம் 25, மஞ்சள் 35. சி-ஒன்னில் 36 அங்குலத்துக்கு 12, 16, 32, 36.

1/72-ல் மொத்த விட்டத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. ஒன்று 12.35 மி.மீ., மற்றது 12.7 மி.மீ. ஆனால் மஞ்சள் வளையத்தைப் பாருங்கள்: ஏ-ஒன்னில் 1.76 மி.மீ., சி-ஒன்னில் வெறும் 0.7 மி.மீ. ஸ்டீல் ஸ்கேலை ஷீட் மேல் வைத்தாலே தெரிந்துவிடும்.

வால் துடுப்பில் வரும் மூவண்ணப் பட்டையும் அப்படித்தான். பழைய வகை 27 அங்குல உயரம், 24 அகலம், மூன்று நிறமும் தலா 8 அங்குலம். புதிய வகை 24-க்கு 24, நடுவில் வெள்ளை 2 அங்குலக் கீற்று மட்டும். உங்கள் ஷீட்டில் வெள்ளை கீற்றாக இருந்தால், போட்டவர் ஐரோப்பாவில் பறந்த ஹரிக்கேனுக்கு வரைந்து வைத்திருந்ததை எடுத்து ஸ்குவாட்ரன் எழுத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்.

வெளிர்பச்சைப் பட்டை இங்கிலாந்தில் இருந்த ஃபைட்டர் கமாண்ட் என்ற போர்விமானப் பிரிவின் அடையாளம், 1940 கடைசியில் வந்தது. 30-வது ஸ்குவாட்ரன் எகிப்துப் பக்கமிருந்து வந்தது. இண்டோமிடபிள் என்ற விமானந்தாங்கிக் கப்பலில் ஏற்றி, 1942 மார்ச்சில் இலங்கைக்குப் பறக்கவிட்டார்கள். அதற்குப் போய் ஃபைட்டர் கமாண்ட் பட்டை போடுகிறேன் என்றால், போடுகிறவர் முதலில் படத்தைக் காட்டட்டும்.

புதுக்கிட்

நான் இந்தப் பக்கம் புதுசு. கிட்டோடுதான் டெகால் வருகிறதே, அப்புறம் ஏன் பாதி விலை கொடுத்துத் தனி ஷீட்?

மவுண்ட்ரோடு

கிட்டில் ரெண்டு மூன்று விமானத்துக்குத்தான் மார்க்கிங் வரும், அதுவும் பெட்டி விற்கிற பிரபலமான விமானங்கள். ஒரே ஹரிக்கேன் டங்கர்க், மால்ட்டா, ரஷ்யா, பர்மா என்று எல்லா இடத்திலும் பறந்தது. மிச்சத்தைத் தனி ஷீட் போடுகிறவர்கள் கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் மைக்ரோஸ்கேல், போலந்தில் டெக்மாட், செக் நாட்டில் டிகே டெகால்ஸ், இங்கிலாந்தில் எக்ஸ்ட்ராடெகால். பாதிப் பேர் வீட்டிலிருந்தே நடத்துகிறார்கள். அச்சு மட்டும் வெளியே கொடுப்பார்கள். ஷீட் மூலையில் இத்தாலியின் கார்ட்டோகிராஃப் பெயர் இருந்தால் அச்சுத் தரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம்.

ஆனால் அச்சுத் தரம் வேறு, சரியான மார்க்கிங் வேறு. கார்ட்டோகிராஃப் அனுப்பின கோப்பை அச்சடிக்கும், அவ்வளவுதான். தப்பான ரௌண்டலையும் அருமையாக அச்சடித்துக் கொடுப்பார்கள்.

எதிர்க்காற்று

0.7 மில்லிமீட்டருக்கு இவ்வளவு பேச்சா? ஒரு அடி தள்ளி நின்று பார்க்கிற மாடல். பிடித்த ஷீட்டை ஒட்டிவிட்டு அடுத்த கிட்டை எடுங்கள். இந்த ஆராய்ச்சியால்தான் பாதிப் பேர் வீட்டில் கிட் பெட்டி கூரை வரை அடுக்கியிருக்கிறது.

மவுண்ட்ரோடு

வளையம் ரெண்டரை மடங்கு அகலம் ஐயா. ஒரு அடி இல்லை, அறையின் அந்தக் கோடியிலிருந்து தெரியும். அந்த அகலமான மஞ்சள்தான் 1940-41 ஹரிக்கேனின் முகமே.

பெட்டி அடுக்குவது பற்றிச் சொன்னதை மறுக்கவில்லை.

திருமலை72

நான் திருகோணமலைக்காரன். இந்தச் சண்டை எங்கள் ஊரிலும் நடந்தது என்பதால் ரெண்டு வரி.

ஏப்ரல் 5 கொழும்பு, ஏப்ரல் 9 திருகோணமலை. கொழும்பில் ரெண்டு ஹரிக்கேன் ஸ்குவாட்ரன். ரத்மலானையில் 30, குதிரைப்பந்தயத் திடலில் 258. அந்தத் திடலை ஓடுபாதையாக்கியது ஜப்பானியருக்குத் தெரியாது, அதனால் அங்கிருந்தவர்கள் கொஞ்சம் தப்பினார்கள். ரத்மலானையில் எதிரி விமானம் தலைக்கு மேல் வந்த பிறகுதான் கிளம்பினார்கள். திருகோணமலைப் பக்கம் சீனக்குடாவில் இருந்தது 261. ஏப்ரல் 9 அன்றுதான் ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு நேரே கடலில் மூழ்கடிக்கப்பட்டது. இப்போதும் சுழியோடிகள் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

அண்ணை, ஷீட் வாங்கும்போது இந்த மூன்று ஸ்குவாட்ரனையும் குழப்பாமல் பாருங்கள். "இலங்கை 1942" என்று மட்டும் தலைப்புப் போட்டு, ஆகஸ்டில் எடுத்த படத்தை வைத்து ஏப்ரல் விமானம் என்று விற்கிற ஷீட்டும் உண்டு. அந்த நாலு மாதத்துக்குள் இந்தப் பக்கம் மார்க்கிங் மாறத் தொடங்கிவிட்டது. ரௌண்டல் நடுவில் இருக்கிற சிவப்பை ஜப்பானியரின் சூரியன் என்று நினைத்துச் சொந்த ஆட்களே சுட்டுவிடுவார்கள் என்ற பயம். அதனால் சிவப்பை எடுத்துவிட்டார்கள். ஏப்ரல் 5 என்றால் சிவப்பு இருக்கட்டும்.

டொராண்டோ_கிட்

கனடாவிலிருந்து ஒரு இடைச்செருகல். ஏப்ரல் 4 மாலை, தாக்க வந்த ஜப்பானியக் கப்பற்படையை முதலில் பார்த்துச் செய்தி அனுப்பியவர் எங்கள் நாட்டு லெனர்ட் பர்ச்சல். கொக்கலவிலிருந்து கிளம்பிய 413-வது ஸ்குவாட்ரன் காட்டலீனா, கடலில் இறங்கும் ரோந்து விமானம். செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சுட்டு வீழ்த்தினார்கள், போர் முடியும்வரை ஜப்பானில் கைதி. அவர் காட்டலீனாவுக்கும் இங்கே கடைகளில் டெகால் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஃபைட்டர் இல்லை என்பதால் இதோடு விடுகிறேன்.

இழைக்கு வருகிறேன். பசைவிரல், 30-வது ஸ்குவாட்ரனின் அடையாளமான ஆர்எஸ் எழுத்துப் போட்ட ஹரிக்கேன் படம் ஏதாவது வைத்திருக்கிறீர்களா? ஷீட்டை விடுங்கள், முதலில் படம்.

பசைவிரல்

இருக்கிறது, இலங்கையில் எடுத்த படம் ஒன்று. ஆனால் அதில் மஞ்சள் வளையமே தெரியவில்லை. நீலத்துக்கு வெளியே கரும் வளையம் மாதிரி ஏதோ, அப்புறம் நேராக உருமறைப்பு வண்ணம். அதனால்தான் மெல்லிய வளையம் உள்ள புதுசு சரியாக இருக்குமோ என்று தோன்றியது.

எதிர்க்காற்று

பார்த்தீர்களா, படத்தில் மஞ்சள் இல்லை. கதை முடிந்தது.

டொராண்டோ_கிட்

முடியவில்லை, இப்போதுதான் தொடங்குகிறது. அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளை ஃபிலிமில் ரெண்டு வகை. பான்குரோமேட்டிக் எல்லா நிறத்தையும் ஓரளவு கண்ணுக்குத் தெரிகிற வெளிச்ச அளவிலேயே பதியும், அதில் மஞ்சள் பளிச்சென்று வெளிறித் தெரியும். ஆர்த்தோகுரோமேட்டிக் அப்படி இல்லை. சிவப்பு அதன் கண்ணுக்கே படாது, படத்தில் கறுப்பாகிவிடும். மஞ்சளும் கறுத்துப்போகும். நீலமோ வெளிறிவிடும். அந்தப் படத்தில் பார்த்தால் ரௌண்டலின் வெளிவளையம் பக்கத்துப் பச்சையோடும் பழுப்போடும் கலந்து காணாமல் போய்விடும்.

உங்கள் படத்தில் நடுப்பொட்டைப் பாருங்கள். அது நீலத்தைவிடக் கறுப்பாக இருக்கிறதா, வெளிறியிருக்கிறதா?

பசைவிரல்

பெரிதாக்கிப் பார்த்தேன். பொட்டு அட்டக் கறுப்பு. நீலம் நடுத்தரச் சாம்பல். சாம்பலுக்கு வெளியே நான் கரும் வளையம் என்று சொன்னது வெள்ளை வளையம் அளவுக்கே அகலமாக இருக்கிறது.

டொராண்டோ_கிட்

அப்போது அது ஆர்த்தோ படம். கறுத்துத் தெரிவதுதான் உங்கள் மஞ்சள். அகலமும் ஏ-ஒன் கணக்குக்குப் பொருந்துகிறது. இன்னொரு சோதனை: திரையில் பொட்டின் விட்டத்தையும் மொத்த விட்டத்தையும் அளந்து வகுத்துப் பாருங்கள். ஏழில் ஒரு பங்கு வந்தால் ஏ-ஒன், மூன்றில் ஒரு பங்கு வந்தால் சி-ஒன்.

பசைவிரல்

ஏழில் ஒன்று. கொஞ்சம் முன்பின், ஆனால் மூன்றில் ஒன்றுக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை.

மவுண்ட்ரோடு

அருமை. ஷீட் போட்டவரும் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, ஃபிலிம் வகையை யோசிக்காமல் மெல்லிய வளையம் என்று வரைந்திருக்கலாம். பாவம், ஆனால் அதற்காக நாம் காசு கொடுக்க முடியாது.

திருமலை72

வண்ணம் என்ன முடிவு? பாலைவன மணல் நிறமா, பச்சை பழுப்பா?

மவுண்ட்ரோடு

அதை இங்கே திறந்தால் இழை பொங்கலுக்குத்தான் முடியும். ரெண்டு திட்டத்திலும் டார்க் எர்த் என்ற பழுப்பு பொது. இன்னொரு நிறம் மிடில் ஸ்டோனா (மணல் நிறம்) டார்க் கிரீனா (கரும்பச்சை) என்பதுதான் கேள்வி. அதையும் இப்போது சொன்ன ஃபிலிம் கணக்கை வைத்து அவரே படத்தில் பார்த்துக்கொள்ளட்டும்.

புதுக்கிட்

சரி, பழைய ஷீட்டில் ரௌண்டல் சரியாக இருந்தால் அதையே போடலாமா? பழுப்பேறினது போகுமா?

ஈரப்பதம்

போகும். பெரும்பாலும். ஷீட்டை ஜிப்லாக் பையில் போட்டு, டெகால் பக்கம் வெளியே தெரிகிற மாதிரி வெயில் படும் ஜன்னல் கண்ணாடியில் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். பழுப்பு நிறம் ஃபிலிமில்தான் இருக்கிறது, வெயிலின் புற ஊதாக் கதிர் அதை வெளுக்கும். நம் ஊர் வெயிலுக்குச் சில நாளிலேயே வித்தியாசம் தெரியும். தினம் பாருங்கள், மறந்து விட்டுவிட்டால் மைநிறமும் மங்கும்.

அதைவிடப் பெரிய ஆபத்து வேறு. பழைய ஷீட்டைத் தண்ணீரில் போட்டதும் ஃபிலிம் துண்டு துண்டாக நொறுங்கும். அதனால் முதலில் வேண்டாத எழுத்து ஒன்றை வெட்டித் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். நொறுங்கினால் மிச்ச ஷீட் முழுவதிலும் மைக்ரோஸ்கேலின் லிக்விட் டெகால் ஃபிலிம் ஒரு பூச்சு, அது இல்லாவிட்டால் கிளியர் லாக்கர் ஒரு மெல்லிய ஸ்ப்ரே. ஒரு நாள் காயவிடுங்கள். அப்புறம் ஞாபகம் வையுங்கள், இப்போது ஷீட் முழுக்க ஒரே ஃபிலிம். ஒவ்வொரு டெகாலையும் மையின் ஓரத்தை ஒட்டி வெட்டித்தான் எடுக்க வேண்டும். இல்லையென்றால் பக்கத்து எழுத்தும் சேர்ந்து மிதந்து வரும்.

வைத்துக்கொள்ளும் முறையும் முக்கியம். சென்னை, தூத்துக்குடி, கொழும்பு மாதிரிக் கடலோர ஊரில் ஷீட் மேல் ஷீட்டாக அடுக்கினால் மழைக்காலத்தில் பசை இளகி ஒன்றோடொன்று ஒட்டும். நடுவில் மெழுகுத்தாள், பைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம். புது மிக்சி, புதுச் செருப்பு எது வாங்கினாலும் அந்தப் பொட்டலத்தைத் தூக்கிப் போடாதீர்கள்.

புதுக்கிட்

ஒட்டும் விஷயத்தையும் யாராவது சொல்லுங்கள். எழுத்தைச் சுற்றி வெள்ளி மாதிரி மினுங்குகிறதே, அது ஏன்?

கோவை_ஏர்பிரஷ்

அதற்கு சில்வரிங் என்று பெயர். மேட் பெயின்ட் (பளபளப்பில்லாதது) கண்ணுக்குத்தான் வழுவழுப்பு. கிட்டத்தில் பார்த்தால் உப்புத்தாள் மாதிரி மேடும் பள்ளமும். டெகால் ஃபிலிம் மேடுகளின் மேல் உட்கார்ந்துகொள்ளும், பள்ளங்களில் காற்று மாட்டிக்கொள்ளும். அந்தக் காற்றுதான் வெளிச்சத்தில் மினுங்குகிறது.

அதனால் டெகாலுக்கு முன்னால் கிளாஸ் கோட், அதாவது பளபளப்பான பூச்சு. பெயின்ட் மேல் விரலை ஓட்டினால் வழுக்க வேண்டும். ஈரப்பதம் சொன்ன மழைக்காலத்தில் லாக்கர் கிளாஸ் அடிக்காதீர்கள், காற்றின் ஈரம் பட்டு வெள்ளையாகப் புகைபடிந்துவிடும்.

அப்புறம் ஒட்டுவது. டெகாலைத் தண்ணீரில் முக்கி எடுத்து டிஷ்யூ மேல் வைத்துவிடுங்கள். தண்ணீரிலேயே ஊறவிட்டால் பசை முழுவதும் போய்விடும். இறங்கும் இடத்தில் மைக்ரோ செட் என்ற திரவம் கொஞ்சம் தடவுங்கள். வினிகர் வாடை வரும், உள்ளே அசெட்டிக் அமிலம் இருக்கிறது. டெகாலை தாளிலிருந்து ஈரத் தூரிகையால் தள்ளி இடத்தில் நிறுத்தி, பஞ்சுக் குச்சியை நடுவிலிருந்து ஓரத்துக்கு உருட்டித் தண்ணீரை வெளியேற்றுங்கள். அதற்குப் பிறகு ஃபிலிமை இளக்கும் மைக்ரோ சால் ஒரு பூச்சு.

இங்கேதான் எல்லாரும் பயந்துவிடுவார்கள். சால் பட்ட ரெண்டு நிமிஷத்தில் டெகால் சுருங்கிச் சுருக்கம் சுருக்கமாக எழும்பும். போச்சு என்று விரலை வைத்தீர்களோ, அப்போது நிஜமாகவே போச்சு. ஃபிலிம் அந்த நேரம் கூழாக இருக்கும். எழுந்து போய் டீ குடித்துவிட்டு வாருங்கள். காயும்போது தானாகவே படிந்து பேனல் கோட்டுக்குள் இறங்கியிருக்கும். ஹரிக்கேனுக்கு இது முக்கியம், உடலின் பின்பாதி துணி போர்த்தியது, நீளவாட்டில் வரிவரியாக மேடு இருக்கும். ரௌண்டலும் எழுத்தும் அந்த வரிகளின் மேல்தான் வருகின்றன. கெட்டியான டெகால் அங்கே பாலம் போட்ட மாதிரி நின்றுவிடும். அப்போது இன்னும் வலுவாக இளக்கும் மிஸ்டர் மார்க் சாஃப்ட்டர் அல்லது டமியாவின் ஸ்ட்ராங் வகை. அதற்கும் மசியவில்லை என்றால் சால்வாசெட். அது மையையே தின்னக்கூடியது, ஓரத்தில் சோதித்துவிட்டுப் போடுங்கள்.

காய்ந்த பிறகும் எங்கேயாவது மினுங்கினால் புது பிளேடு முனையால் அந்த இடத்தில் சின்னச் சின்னக் குத்து, மேலே சால். ரெண்டு மூன்று தடவை செய்தால் அடங்கும்.

எதிர்க்காற்று

இவ்வளவு பாடு எதற்கு? மாஸ்க் (பெயின்ட் படக்கூடாத இடத்தை மறைக்கும் ஒட்டுத்தாள்) வெட்டி ஏர்பிரஷில் ரௌண்டல் அடித்தால் ஃபிலிமும் இல்லை, மினுமினுப்பும் இல்லை.

மவுண்ட்ரோடு

முதல் தடவையாக உங்களோடு பாதி ஒத்துப்போகிறேன். இறக்கை மேல்புறத்து ரௌண்டல் பி வகை, சிவப்பும் நீலமும் மட்டும், 2:5 விகிதம். பெரியது, ரெண்டே நிறம். அதை அடித்துவிடலாம், டெகாலைவிட நன்றாக இருக்கும். ஆனால் உடல் ரௌண்டலின் சிவப்புப் பொட்டு 1/72-ல் 1.76 மி.மீ. நாலு நிறம், நாலு மாஸ்க், நாலும் ஒரே மையத்தில் உட்கார வேண்டும். பொட்டு ஒரு மயிரிழை நகர்ந்தால் மாறுகண் மாதிரி ஆகிவிடும். அங்கே அச்சுதான் ஜெயிக்கும். 1/48 என்றால் அடி என்பேன், 1/32 என்றால் டெகால் பக்கமே போகாதே என்பேன்.

வரிசை எண்ணுக்கு மாஸ்க் பேச்சே வேண்டாம். 8 அங்குல எழுத்து 1/72-ல் 2.8 மி.மீ. உயரம்.

டொராண்டோ_கிட்

நடுவழி ஒன்று வந்திருக்கிறது. செக் நாட்டு ஹெச்ஜிடபிள்யூ விற்கிற வெட் டிரான்ஸ்ஃபர். ஒட்டிக் காய்ந்த பிறகு மேல் ஃபிலிமை உரித்து எடுத்துவிடலாம், மை மட்டும் விமானத்தில் நிற்கும். எடுவார்ட் நிறுவனம் இப்போது போடும் டெகாலிலும் ஃபிலிமை உரிக்க முடிகிறது. ஸ்டென்சில் எழுத்துகளுக்கு (விமானத்தின் மேல் வரும் பொடி எழுத்துக் குறிப்புகள்) அது வரப்பிரசாதம், உரித்த பிறகு பெயின்டில் எழுதின மாதிரியே இருக்கும். ஆனால் உரிக்கும்போது மையும் சேர்ந்து வந்து பார்த்திருக்கிறேன். முதலில் பழைய மாடலில் பழகிக்கொள்ளுங்கள்.

புதுக்கிட்

வீட்டுப் பிரிண்டரில் நாமே அடித்துக்கொள்ள முடியாதா? டெகால் தாள் விற்கிறார்களே.

ஈரப்பதம்

இன்க்ஜெட்டில் வெள்ளை மை கிடையாது. தாளின் வெள்ளைதான் வெள்ளை. ஒளி ஊடுருவும் டெகால் தாளில் அடித்தால் ரௌண்டலின் வெள்ளை வளையம் ஓட்டை, மஞ்சள் பச்சையின் மேல் ஒட்டினதும் சேறு. கறுப்பு வரிசை எண்ணுக்கு மட்டும் சரிப்படும். அதற்கும் அடித்தவுடன் கிளியர் பூச்சு கொடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீரில் மை கரைந்து ஓடும். ஒருகாலத்தில் ஆல்ப்ஸ் என்ற ஜப்பானியப் பிரிண்டர் வெள்ளையும் அடித்தது, நாடாவிலிருந்து சூடுபோட்டு இறக்கும். உற்பத்தி நின்று ரொம்ப காலமாகிறது. வைத்திருப்பவர்கள் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறார்கள்.

புதுக்கிட்

கடைசியாக ஒரு சந்தேகம். ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட் ஷீட் ஒன்றில் வாலுக்கான ஸ்வஸ்திகா ரெண்டு துண்டாக இருக்கிறது. அச்சுப் பிழையா?

டொராண்டோ_கிட்

இல்லை, வேண்டுமென்றே. ஜெர்மனியின் குற்றவியல் சட்டம் 86ஏ பிரிவு நாஜிச் சின்னங்களைத் தடுக்கிறது. அதனால் அங்கேயும் விற்கிற ஷீட்டில் துண்டாக்கி அச்சடிப்பார்கள், அல்லது ஓரத்தில் தனியாக அச்சடித்து வெட்டிவிடுவார்கள். ஃபின்லாந்து விமானத்தில் வருகிற நீல ஸ்வஸ்திகா வேறு கதை. அது 1918-லேயே வந்தது, நாஜிக்களோடு தொடர்பில்லை. விமானங்களிலிருந்து நீக்கியது 1945-ல்.

கோவை_ஏர்பிரஷ்

தடம் மாறுகிறேன், மன்னிக்கவும். ஆனால் பிரிட்டிஷ் ஃபைட்டர் டெகால் என்று பேச்சு வந்த பிறகு இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

264-வது ஸ்குவாட்ரனின் முழுப்பெயர் மெட்ராஸ் பிரசிடென்சி ஸ்குவாட்ரன். டிஃபையன்ட் என்ற ஃபைட்டர் வைத்திருந்தார்கள். முன்னால் துப்பாக்கியே கிடையாது, பைலட்டுக்குப் பின்னால் சுழலும் கூண்டில் நாலு துப்பாக்கி. பகலில் அடி வாங்கியதும் இரவுச் சண்டைக்கு மாற்றினார்கள். அதில் என்1801, பிஎஸ்-பி என்ற விமானத்தின் பெயர் கோயமுத்தூர் டூ! விமானத்துக்கு நன்கொடை கொடுத்த ஊரின் பெயரை எழுதுவது அப்போது வழக்கம், ஒரு ஃபைட்டருக்கு 5000 பவுண்டு என்று கணக்கு வைத்திருந்தார்கள். பைலட் டெஸ்மண்ட் ஹியூஸ், துப்பாக்கிக்காரர் ஃப்ரெட் கேஷ்.

உடம்பு முழுக்க இரவுக் கறுப்பு, அதுவும் கரி பூசின மாதிரி மேட். டெகாலுக்கு இதைவிடக் கொடுமையான அடித்தளம் கிடையாது, ஃபிலிம் ஓரம் ஒவ்வொன்றும் காட்டிக்கொடுக்கும். கறுப்பின் மேல் கிளாஸ், டெகால், மறுபடி கிளாஸ், கடைசியில் மேட் என்று போனால்தான் சமாளிக்கலாம். எங்கள் ஊர்ப் பெயர் சரியாக உட்காரும்வரை நான் விடப்போவதில்லை.

மவுண்ட்ரோடு

மெட்ராஸ் பிரசிடென்சி என்ற பெயர் 79-க்கும் 234-க்கும்கூட உண்டு. 79 பர்மாவில் ஹரிக்கேன், பிறகு தண்டர்போல்ட் பறத்தியது, எழுத்து என்வி. அந்தத் தண்டர்போல்ட்டுக்கு ஷீட் வாங்குகிறவர்கள் கவனியுங்கள். ரௌண்டலில் சிவப்பு வரவே கூடாது, கருநீலத்துக்குள் வெளிர்நீலம். பச்சை பழுப்பு விமானத்துக்கு வெள்ளைப் பட்டை, வெறும் உலோக விமானத்துக்குக் கருநீலப் பட்டை. பட்டைகளை ஷீட்டிலிருந்து ஒட்டாதீர்கள், மாஸ்கிங் டேப் வைத்து அடித்துவிடுங்கள். நீள டெகால் நேராக வராது.

மட்டுறுத்துநர்

கோயமுத்தூர் டூ-க்கு இரவு விமானங்கள் பிரிவில் தனி இழை திறந்திருக்கிறேன். டிஃபையன்ட் பேச்சு அங்கே. பசைவிரல், என்ன செய்தீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

திருமலை72

அதற்கு முன்னால் ஒன்று. பக்கத்தில் நிறுத்த ஜப்பானியரின் ஸீரோ போர்விமானமும் செய்யுங்களேன். கொழும்புக்கு வந்த ஐந்து விமானந்தாங்கிகளும் பேர்ல் ஹார்பருக்குப் போனவைதான், காகா மட்டும் வரவில்லை. ஆனால் பேர்ல் ஹார்பர் ஷீட்டை அப்படியே எடுத்து ஒட்டாமல், உடல் பட்டையையும் வால் எழுத்தையும் ஏப்ரல் படத்தோடு ஒப்பிடுங்கள். சிவப்பு வட்டம் ஒரே நிறம், அதற்கு டெகாலே வேண்டாம்.

பசைவிரல்

ஸீரோ அடுத்த வருஷம்.

முடிவு இது. புது ஷீட்டை வாங்கவில்லை. நண்பரின் பழைய ஷீட் இப்போது ஜன்னலில் இருக்கிறது, பழுப்பு ஓரளவு இறங்கிவிட்டது. வேண்டாத எழுத்தைத் தண்ணீரில் விட்டேன், மூன்றாக உடைந்தது. லிக்விட் ஃபிலிம் பூசிய பிறகு முழுசாக வந்தது. அதில் ஏ-ஒன் ரௌண்டல் அளவு 12.3 மி.மீ., பொட்டும் மையத்தில் இருக்கிறது. வால் துடுப்புப் பட்டை 9.5-க்கு 8.5, பழைய வகைதான். அதனால் உடல் ரௌண்டல், வால் பட்டை, வரிசை எண் மூன்றும் அதிலிருந்து.

இறக்கை மேல்புறம் மாஸ்க். நீலம் முதலில், காய்ந்த பிறகு நடு வட்டம் திறந்து சிவப்பு. நேற்று டேப் உரித்தேன், ஓரம் கத்தி மாதிரி வந்திருக்கிறது.

ஆர்எஸ் எழுத்துதான் மிச்சம். பழைய ஷீட்டில் அது படத்தில் இருப்பதைவிட ஒல்லியாக இருக்கிறது. டொராண்டோ_கிட் சொன்ன வழியிலேயே, ரௌண்டல் 35 அங்குலம் என்று வைத்துத் திரையில் எழுத்தை அளந்தேன். உயரம் சரி, கோட்டின் தடிமன் குறைகிறது. பொது எழுத்து ஷீட் ஒன்றில் அதே உயரத்தில் தடித்த எழுத்து இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து ஒரு ஷீட் வரவழைக்க அனுப்பும் செலவு ஷீட் விலையைத் தாண்டுகிறது. இன்னும் யாருக்காவது வேண்டுமென்றால் சேர்த்துப் போட்டுவிடலாம், வெள்ளிக்கிழமை வரை பார்க்கிறேன்.

ஈரப்பதம்

எனக்கு ஒன்று. அட்டைக்கு நடுவில் வைத்து அனுப்பச் சொல்லுங்கள், போன தடவை தபாலில் மடங்கி வந்தது.

எதிர்க்காற்று

எனக்கும் ஒன்று. 1/48 அளவிலும் இருந்தால் அதிலும் ஒன்று.